அஞ்சு மினிட்டு கம்பவுண்டர்

மனிதர்களைக் காக்க வைப்பதில் அவரை மிஞ்ச திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் ஆளே கிடையாது. தாலுகாக் கச்சேரியில் காக்க வைப்பார்கள், தெரியும். ஆனால் ஒரு குலை மட்டிப்பழத்தைக் கொண்டுபோய் மேசைக்கு அடியில் வைத்தால் அங்கே காரியம் நடந்துவிடும். இவருக்கு வாழைத்தோட்டத்தையே பெயர்த்துக்கொண்டு வந்து வைத்தாலும் ஐந்து நிமிடம் ஐந்து நிமிடம்தான்.

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. ஞானஸ்நானம் கொடுத்த போதகருக்கும், பிரட்டுப் புத்தகம் எழுதிய எனக்கும் மட்டும்தான் அது தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் அஞ்சு மினிட்டு. முகத்துக்கு நேரே கூப்பிடும்போது மட்டும் ‘கம்பவுண்டரே’ என்பார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. கீரிப்பாறைக்கும் மேலே, ஒரு வெள்ளைக்காரனின் ரப்பர் தோட்டம். எனக்கு இருபத்திரண்டு வயது. பள்ளிக்கூடப் படிப்பு முடித்து, இங்கிலீஷ் எழுதத் தெரிந்த ஒரே காரணத்துக்காக அங்கே ரைட்டராகச் சேர்ந்திருந்தேன். விடிவதற்கு முன்னால் கூலியாட்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். அதற்குப் பிரட்டு என்று பெயர். யார் வந்தார்கள், யார் வரவில்லை, யாருக்குக் காய்ச்சல் என்று குறிப்பது என் வேலை. காய்ச்சல் என்று கம்பவுண்டர் சொன்னால் அந்த ஆளுக்கு அன்று வேலை இல்லை, லயத்தில், அதாவது கூலிவீட்டு வரிசையில், படுத்துக்கொள்ளலாம். காய்ச்சல் இல்லை என்றால் பால் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு மலை ஏற வேண்டும். ஆகவே காய்ச்சல் பார்ப்பது அங்கே சின்னக் காரியம் அல்ல.

கம்பவுண்டர் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை கற்றவர். ஒட்டிய கன்னம், கருங்காலிக் கம்பு போல் உடம்பு, மருந்துக்கறை படிந்த ஒரு வெள்ளைக் கோட்டு. காய்ச்சல் பார்க்கும் முறையே ஒரு ஆராதனை மாதிரி இருக்கும். மலைப்பனியில் நனைந்து வந்த ஆளை உட்கார வைப்பார். துண்டால் அக்குளைத் துடைப்பார். தெர்மாமீட்டரை உதறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அக்குளில் வைத்துக் கையை மடக்கிவிடுவார். பிறகு கடிகாரத்தை மேசைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஐந்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. ஆள் தும்மி, தெர்மாமீட்டர் நழுவினால் மறுபடியும் துடைத்து, மறுபடியும் உதறி, மறுபடியும் ஐந்து நிமிடம். தும்முகிற ஆள் ஒருவன் இருந்தான். அவன் வந்தால் பின்னால் நிற்பவர்கள் வரிசையைவிட்டு உட்கார்ந்து வெற்றிலை போட ஆரம்பித்துவிடுவார்கள்.

வந்த புதிதில் நான் ஒரு தடவை கேட்டேன், பாதரசம் ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறதே, ஏறின மட்டும் பார்த்துச் சொன்னால் என்ன என்று. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அது இன்னும் சொல்லி முடிக்கல்ல மக்கா. பாதியிலே பிடுங்கினா பாதிதான் சொல்லும். பெறவு அது பொய் சொல்லிச்சுண்ணு நீ பறைவே.”

இந்தக் குணம் தெர்மாமீட்டரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மாதம் ஒருமுறை அவர் ஊருக்குப் போகும்போது ஒருநாள் நானும் கூடப் போனேன். கருங்கல் ஊர்ச் சந்தையில் கருப்பட்டி வாங்க நின்றார். கடைக்காரர் தராசைத் தூக்கினார். தட்டு மேலும் கீழும் ஆடியது. கடைக்காரர் வழக்கம்போல் ஆட்டத்தோடேயே எடுத்துக் கொட்டப் போனார். இவர் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். முள் நிற்கட்டும் என்றார். முள் நிற்கவில்லை, காற்று. கதவைச் சாத்தச் சொன்னார். சந்தை நாளில் கடைக்கதவைச் சாத்தச் சொல்கிற வாடிக்கைக்காரரை அந்த மனிதர் அதுவரை பார்த்ததில்லை. பின்னால் பத்துப்பேர் கூடிவிட்டார்கள்.

“ஓய், ஒமக்குக் கருப்பட்டி வேணுமா, தராசு வேணுமா?” என்றார் கடைக்காரர்.

கம்பவுண்டர் கொஞ்சம் யோசித்தார். “தராசு டிஸ்பென்சரியிலே உண்டும். கருப்பட்டிதான் வேணும்” என்றார், கிண்டல் என்பதே தெரியாமல்.

கடைசியில் முள் நின்றது. நின்றபோது கருப்பட்டித் தட்டுதான் தாழ்ந்திருந்தது. இவர் ஒரு துண்டை எடுத்துத் திருப்பி வைத்துவிட்டு நடந்தார். அவரால் லாபம் அடைந்த கடைக்காரர் அவரைத் திட்டியதுபோல, நஷ்டம் அடைந்தவன்கூடத் திட்டியிருக்கமாட்டான்.

அவர் பெண் பார்க்கப் போன கதையும் தோட்டத்தில் உலவியது. பெண் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாளாம். பிடித்திருக்கிறதா என்று அவள் மாமா கேட்டாராம். இவர் கடிகாரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, இருக்கட்டும், பார்த்துச் சொல்கிறேன் என்றாராம். மூன்றாவது நிமிடத்தில் பெண் தனக்குப் பிடிக்கவில்லை என்று உள்ளேயிருந்து சொல்லியனுப்பிவிட்டாளாம். நான் கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதும், கருங்கல் பக்கம் விதவை அக்காள் வீடுதான் அவருக்கு வீடு என்பதும் உண்மை.

இவ்வளவும் சிரித்துவிட்டுப் போகிற சங்கதிகள். வினை சாயிப்புக்குக் காய்ச்சல் வந்த அன்று ஆரம்பித்தது.

வெள்ளைக்காரத் துரையை எங்கள் பக்கத்தில் சாயிப்பு என்போம். எங்கள் சாயிப்பு கெட்டவர் என்று சொல்லமாட்டேன். அவசரக்காரர். காலையில் விழித்ததிலிருந்து இரவு படுக்கும்வரை யாரையாவது சத்தம் போட்டுக்கொண்டே இருப்பார். ஆள் கிடைக்காவிட்டால் நாயை. அன்று உடம்பு நடுங்க, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கொதிக்கக் கொதிக்க டீ குடித்துக்கொண்டிருந்தார். கம்பவுண்டர் போனார். டீக்கோப்பையைப் பார்த்தார். சூடாகக் குடித்த வாயில் தெர்மாமீட்டரை வைத்தால் டீயின் சூட்டைத்தான் காட்டும், இருபது நிமிடம் கழித்து வைக்கலாம் என்று சொல்லிவிட்டு, வராந்தாவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

சாயிப்பு கத்தின கத்தல் ரப்பர்ப் பால் பட்டறைவரை கேட்டது. இவர் அசையவில்லை. இருபது நிமிடம் ஆனதும் உள்ளே போய், நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டரை வைத்து, வாயை மூடச் சொன்னார். சாயிப்பு மூன்றாவது நிமிடத்தில் என்னவோ கத்த வாயைத் திறந்தார். இவர் தெர்மாமீட்டரை எடுத்து, உதறி, மறுபடியும் முதலிலிருந்து வைத்தார். நாங்கள் எல்லோரும் பங்களா அடுக்களைக்குப் பின்னால் கூடிநின்று, உள்ளே சத்தம் இல்லாததைக் கேட்டுக்கொண்டிருந்தோம். தோட்டம் உண்டான நாள்முதல் அங்கே அப்படி ஒரு அமைதி இருந்ததில்லை. சமையற்காரன் சிலுவை போட்டுக்கொண்டான்.

காய்ச்சல் நூற்று மூன்று. கம்பவுண்டர் கொடுத்த கொயினா மருந்தில் ஒரு வாரத்தில் சாயிப்பு எழுந்துவிட்டார். எழுந்தவர் மலேரியாவை மன்னித்துவிட்டார். கம்பவுண்டரை மன்னிக்கவில்லை.

அந்த வருஷம் மழை முடிந்ததும் மலையில் காய்ச்சல் பரவியது. லயங்களில் வீட்டுக்கு ஒருவர் படுத்தார்கள். பிரட்டில் காய்ச்சல் வரிசையில் அறுபது பேர் வரை நிற்க ஆரம்பித்தார்கள். டிஸ்பென்சரியில் இருந்தது இரண்டே தெர்மாமீட்டர். ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் கணக்கைப் பாருங்கள். ரப்பர் மரத்தில் வெயில் ஏறுவதற்குள் பால் வெட்டிவிட வேண்டும். வெயில் ஏறினால் பால் இறங்காது. கடைசி ஆளைப் பார்த்து முடிக்கும்போது சூரியன் மலைக்கு மேலே நின்றது.

கம்பவுண்டர் இன்னும் ஆறு தெர்மாமீட்டர் வாங்கித் தாருங்கள், ஒரே சமயத்தில் எட்டுப் பேருக்கு வைக்கலாம் என்று கேட்டார். நியாயமான கேள்வி. சாயிப்பின் பதில் ஒரே வரி: ஆளுக்கு ஒரு நிமிடம் போதும். ஒரு நிமிடம் வைத்தால் பாதரசம் பாதியில் நிற்கும், காய்ச்சல்காரனையும் காய்ச்சல் இல்லை என்றுதான் சொல்லும் என்றார் கம்பவுண்டர். அதற்குச் சாயிப்பு சிரித்தார் என்று நினைக்கிறேன். அவருக்கு அது ஒரு குறையாகத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் தெர்மாமீட்டர் இரண்டும் என் கைக்கு வந்தன. காய்ச்சல் பார்ப்பது ரைட்டர், மருந்து ஊற்றுவது மட்டும் கம்பவுண்டர் என்று உத்தரவு.

எனக்குப் பெருமையாக இருந்தது. இதை ஒளிக்க விரும்பவில்லை. இருபத்திரண்டு வயதில், ஒரு கையில் பென்சில், ஒரு கையில் தெர்மாமீட்டர், எதிரே அறுபது பேர். துடைப்பது கிடையாது. வை, எடு, பார், உதறு, அடுத்த ஆள். அரை மணி நேரத்தில் வரிசையைத் தீர்த்துவிடுவேன். பல் கிட்டித்துக்கொண்டு நடுங்குகிற ஆளுக்கெல்லாம் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது என்று வந்தது. புத்தகத்தில் எழுதியது அதுதான். புத்தகப்படி ஆள் சுகம். ஒரு மாதத்தில் எங்கள் தோட்டத்திலிருந்து மலேரியா அடியோடு ஒழிந்துவிட்டது. மருந்தில்லாமல், செலவில்லாமல், ஒரு ரைட்டரின் பென்சிலால். அக்கம்பக்கத்துத் தோட்டத்துத் துரைகள் இதென்ன மாயம் என்று கேட்டார்களாம். சாயிப்பு என் தோளில் தட்டினார்.

கம்பவுண்டர் காலையில் மருந்து மட்டும் ஊற்றினார். ஆனால் வேலை முடிந்து ஆட்கள் இறங்கி வரும் பிற்பகலில், வேண்டியவர்களை உட்கார வைத்துத் ஊரிலிருந்து புதிதாக வாங்கி வந்த தன் சொந்தத் தெர்மாமீட்டரால் பார்த்து, ஒரு நோட்டில் எழுதிவந்தார். ஒருநாள் அந்த நோட்டைக் கொண்டுவந்து என் புத்தகத்துக்குப் பக்கத்தில் விரித்து வைத்தார். என்னுடையதில் தொண்ணூற்றெட்டரை. அவருடையதில் நூற்றிரண்டு. ஒரே ஆள், ஒரே நாள்.

வெயிலில் நின்று வேலை செய்ததால் ஏறியிருக்கும் என்றேன்.

“வெயில் எல்லாருக்கும் உண்டும்” என்றார். “நீ நாளைக்கு ஒரே ஒரு ஆளுக்கு அஞ்சு மினிட்டு வச்சுப் பாரு. எனக்காகச் செய்யாண்டாம். நீ பாக்கதுக்காகச் செய்யி.”

நான் வைத்துப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் தெரிந்துவிடுமே.

ஞானப்பூ என்று ஒரு பால்வெட்டுக்காரி. முப்பது வயது இருக்கும். கணவன் தாசையனும் அதே தோட்டத்தில் வேலை செய்தான். வாயாடி. வரிசையில் நின்றால் முன்னும் பின்னும் உள்ளவர்களுக்கு அலுப்புத் தெரியாது. அன்று காலையில் அவள் ஒன்றும் பேசாமல் வந்து நின்றாள். நான் வைத்தேன், எடுத்தேன். தொண்ணூற்றொன்பது. அவள் கை என் விரலில் பட்டது, சுட்டது. அது எனக்குத் தெரிந்தது. ஆனால் பாதரசம் தொண்ணூற்றொன்பதில் நின்றது, பின்னால் நாற்பது பேர் நின்றார்கள், சாயிப்பு குதிரைமேல் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுத்துப்பிள்ளே, நிக்க முடியல்ல” என்றாள் ஞானப்பூ.

அவள் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை அது. நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

பத்து மணிக்கு மேல் மலைச்சரிவில் ஒரு மரத்தடியில் அவள் விழுந்து கிடந்தாள். தாசையன் அவளை ஒரு வேட்டியில் தூளி கட்டி, இன்னொருவனோடு சேர்ந்து டிஸ்பென்சரிக்குத் தூக்கி வந்தான். நான் கூடவே ஓடினேன். கம்பவுண்டர் அவளைப் பெஞ்சில் படுக்க வைத்தார். பல்லை விலக்கிக் கொயினா மருந்தை ஊற்றினார். நெற்றியிலும் மார்பிலும் ஈரத்துணி போட்டார். தாசையனைப் போய் வண்டி கட்டச் சொல்லச் சொன்னார். அவன் இன்னொருவனை அனுப்பிவிட்டு அங்கேயே நின்றான். செய்ய வேண்டியதெல்லாம் செய்து முடித்து, வண்டிக்காகக் காத்திருந்தபோதுதான் அக்குளைத் துடைத்துத் தெர்மாமீட்டரை வைத்தார். கடிகாரத்தை எடுத்து வைத்தார். ஐந்து நிமிடமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிவில் நூற்று ஐந்தரை.

சாயிப்பு உள்ளே வந்தது அந்த ஐந்து நிமிடத்துக்கு நடுவில். வந்தவர் கண்டது இதுதான்: பெஞ்சில் பேச்சு மூச்சில்லாத ஒரு பெண், பக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் கம்பவுண்டர்.

வண்டி கீழே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் ஞானப்பூ இறந்துபோனாள்.

சுகமான தோட்டத்தில் ஒரு சாவு. ஏன் என்று மேலே சர்க்காரில் கேட்பார்கள். பதில் எழுதியாக வேண்டும். காலையில் அவளுக்குக் காய்ச்சல் இல்லை, அதற்குப் புத்தகம் சாட்சி. அப்படியானால் திடீரென்று வந்த காய்ச்சல். திடீரென்று வந்த காய்ச்சலுக்கு உடனே மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாள். கொடுக்க வேண்டியவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நேரத்தைப் போக்கிவிட்டார். சாயிப்பு இதைச் சொல்லிக்கொண்டே போனார், நான் நல்ல இங்கிலீஷில் எழுதினேன். எழுதிய அறிக்கைக்குக் கீழே, கண்ணால் கண்ட சாட்சியாக என் கையெழுத்தையும் வாங்கினார்கள். ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை என்று சாயிப்பு பாராட்டினார். கம்பவுண்டரின் நோட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அது பங்களாவில் வெந்நீர் அடுப்புக்குள் போனது என்று சமையற்காரன் சொன்னான்.

ஆக, அவர் வேலை போனது ஐந்து நிமிடம் வைத்ததற்காக. என்னுடைய ஒரு நிமிடத்தைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

தாசையன் மட்டும் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். “நான் அங்கயே நிண்ணேன். மருந்தை ஆதியமே குடுத்தாரு, பெறவுதான் தெர்மாமீட்டரை வச்சாரு. அப்படியே எழுதுங்க” என்றான். அவனை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை, போகச் சொன்னார்கள். அவன் போகவில்லை, வெயிலில் நின்றான். பிறகு எங்கே போனான் என்று கவனிக்கவில்லை. கவனிக்காமல் இருக்க நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன்.

கம்பவுண்டர் சாவியை ஒப்படைக்க வந்தார். மருந்துப் புட்டிகளை ஒவ்வொன்றாக எண்ணி, மூடியைத் திருகிப் பார்த்து ஒப்படைத்தார். எல்லாம் முடிந்தபிறகு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

“நீ எழுதினதா மக்கா?”

“ஆமா.”

“மருந்து குடுத்த பெறவுதான் வச்சேன். அதை ஒரு வரி சேத்து எழுதியிருக்கலாம்.”

திட்டியிருந்தால் திட்டிவிட்டுப் போனார் என்று நானும் இருந்திருப்பேன். பிழை திருத்தம் சொல்வது போல அல்லவா சொன்னார்.  வெளியே தாசையன் அவருடைய தகரப்பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான். இரண்டு பேரும் மலைப்பாதையில் இறங்கிப் போனார்கள். 

மறுநாள் பிரட்டில் முதல் ஆளுக்கு நான் அக்குளைத் துடைத்து ஐந்து நிமிடம் வைத்தேன். நூற்று ஒன்று. காய்ச்சல் என்று எழுதினேன். இரண்டாவது ஆளுக்கு வைக்கும்போதே சாயிப்பின் குதிரை அருகே வந்துவிட்டது. மூன்றாவது ஆளிலிருந்து பழையபடி ஒரு நிமிடம். என் வீரம் இரண்டு ஆள் வரைக்கும்தான் தாங்கியது. புதிதாக வந்த கம்பவுண்டர் ரொம்ப நல்ல மனிதர் என்று சாயிப்பு சொன்னார். அவர் நெற்றியில் புறங்கையை வைத்தே எல்லாம் சொல்லிவிடுவார், அதுவும் நடந்துகொண்டே.

அடுத்த வருஷம் நான் அந்த வேலையை விட்டேன். மனசாட்சி உறுத்தி விட்டேன் என்று எழுத ஆசைதான். எனக்கே மலேரியா வந்து, இரண்டு முறை விழுந்து எழுந்து, அம்மா அழுததால் விட்டேன்.

அதற்கும் பிறகு ஒருநாள் கருங்கலில் ஒருவரிடம் விசாரித்துக்கொண்டு அவருடைய அக்காள் வீட்டுக்குப் போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். வீட்டு முற்றத்துப் பலாமரத்தடியில் ஏழெட்டுப் பேர் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறீர்கள் என்று ஒரு அம்மாளிடம் கேட்டேன். “அது கெடக்குது, காலத்தே விடிஞ்சதும் வந்தோம்” என்றாள், அலுத்துக்கொள்ளாமல். தாசையன் அவருக்கு உதவியாகத் துணியைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டான். அது எனக்குச் சேர வேண்டியதுதான்.

கம்பவுண்டர் கடைசிப் பிள்ளையைப் பார்த்து முடித்துவிட்டு வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. உடம்பு தேறிவிட்டதா, மண்ணீரல் வீக்கம் போய்விட்டதா என்று கேட்டார். எனக்கு மலேரியா வந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. கையைப் பிடித்து அடுக்களைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தார். அக்காள் மரச்சீனிக் கிழங்கும் நெய்மீன் கறியும் கொண்டுவந்து வைத்தாள்.

நான் ஆரம்பித்தேன். அன்றைக்கு நான் எழுதின அந்தக் காகிதம், என்று தொடங்கியதும் மனப்பாடம் செய்தது எல்லாம் போய்விட்டது. அந்தப் பெண்ணின் கை என் விரலில் சுட்டது என்று மட்டும் சொன்னேன். அதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் கறிச்சட்டியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

“சாப்பிடு மக்கா” என்றார். “கறி ஆறிப்போவும்.”

நாங்கள் அதைப் பற்றிப் பிறகு பேசவே இல்லை. குனிந்து பார்த்தபோது என் இலையில் மீனின் நடுத்துண்டு இருந்தது; தனக்கு அவர் வால் துண்டைப் போட்டுக்கொண்டிருந்தார்.